முழங்காலும் ஸஜ்தாவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி, நமது பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும். அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக! ஆமீன்.

    

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. எத்தனை நிகாஹ், எத்தனை ஜனாஸா, எத்தனை மாணவர்கள் மதரஸாவில் ஓதி முடித்தார்கள் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு கணக்கு உண்டு. இந்த மஹல்லாவில் எத்தனை வீடுகளில், எத்தனை பெற்றோர்கள், முழங்கால் வலியோடு இரவைக் கழிக்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கு. இன்று அதைப் பற்றியே பேச நாடியுள்ளோம்.

பள்ளிவாசலின் பின் வரிசையில் நாற்காலிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதை நாம் அனைவரும் காண்கிறோம். ஆண்களின் வலி இவ்வாறு கண்ணுக்குத் தெரிந்து விடுகிறது. வீட்டின் உள்ளறையில் தொழும் தாயின் வலியை யார் காண்கிறார்கள்? மூட்டுத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் வாட்டுகிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். குந்தியமர்ந்து துணி துவைத்தும், குனிந்து வீடு பெருக்கியும், பிள்ளைகளைச் சுமந்தும் தேய்ந்த கால்கள் அவை.

அத்தகைய மூதாட்டியர் சிலரிடம், "மருத்துவரிடம் சென்றீர்களா?" என்று நாம் வினவியதுண்டு. "சென்றோம் ஹஜ்ரத். மூட்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றினால் தரையில் உட்காரக் கூடாதாம். பிறகு ஸஜ்தா போய்விடுமே! இருக்கிறவரை இப்படியே இருந்து விட்டுப் போகிறேன்" என்பதே அவர்களின் மறுமொழி.

இந்தச் சொல்லில் எத்துணை ஈமான் இருக்கிறது! நெற்றி தரையில் படாத தொழுகையை நினைத்தும் பார்க்க இயலாத உள்ளம் அது. அந்த உள்ளத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் அந்த அச்சம் மார்க்கம் ஏற்படுத்திய அச்சமன்று. மார்க்கத்தின் பெயரால் ஒரு தாய் தேவையற்ற வேதனையைச் சுமப்பதற்கு ஆலிம்களாகிய நாம் வாய்மூடிச் சாட்சியாக இருத்தல் ஆகாது. ஆகவே இந்த உரை.

நோயின் தன்மை

முழங்கால் என்பது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம். இரு எலும்புகளின் முனைகளிலும் வழவழப்பான குருத்தெலும்பை அல்லாஹ் போர்த்தி வைத்துள்ளான். வயதாலும், உடல் எடையாலும், பழைய அடிகளாலும், பரம்பரையாலும் இந்தக் குருத்தெலும்பு மெல்ல மெல்லத் தேய்கிறது. முற்றிய நிலையில் எலும்போடு எலும்பு உரசுகிறது. வலி, வீக்கம், காலையில் எழும்போது விறைப்பு, இறுதியில் கால் வளைந்து போதல் என்று நோய் வளர்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை முன்போல் வளரச் செய்யும் மாத்திரையோ தைலமோ இன்றுவரை இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சோதனையன்று. 1990ஆம் ஆண்டு இந்தியாவில் சுமார் 2 கோடியே 34 லட்சம் பேருக்கு இருந்த மூட்டுத் தேய்மானம், 2019ஆம் ஆண்டில் சுமார் 6 கோடியே 23 லட்சம் பேருக்கு இருந்ததாக உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. ஆயுள் கூடியிருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது, கால்கள் மட்டும் அதே கால்கள்.

மருத்துவம் செய்தல் தவக்குலுக்கு எதிரானதா?

"இது முதுமை. முதுமைக்கு மருந்து இல்லை என்று ஹதீஸிலேயே வந்திருக்கிறதே" என்று சிலர் கூறுகிறார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸை முழுமையாகப் பாருங்கள். கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று வினவியபோது, செய்து கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் முதலில் ஏவினார்கள். முதுமை ஒன்றைத் தவிர, நிவாரணம் இல்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்று அடுத்துக் கூறினார்கள். முதுமையைத் திருப்ப முடியாது என்பது உண்மை. எனினும் முதுமையில் வரும் நோய் வேறு, முதுமை வேறு. கண்ணில் புரை விழுந்தால் அறுவை செய்து கொள்கிறோம். அங்கே இந்த ஹதீஸை யாரும் ஓதுவதில்லை. முழங்காலுக்கு மட்டும் ஏன் ஓத வேண்டும்?

"உடம்பிற்குள் உலோகத்தை வைக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியால் ஒரு மூக்கைச் செய்து பொருத்திக் கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தால் மூக்குச் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காணப்படுகிறது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பதை நாம் அறிவோம். அந்தத் தங்கமே தேவையின் போது அனுமதிக்கப்பட்டதென்றால், மூட்டில் வைக்கும் கோபால்ட் குரோமியத்திற்கும் டைட்டானியத்திற்கும் என்ன தடை இருக்க முடியும்? மவுத்தின்போது அந்த உலோகத்தை எடுக்க வேண்டியதும் இல்லை. குளிப்பாட்டுவதற்கோ அடக்குவதற்கோ அதனால் எந்தத் தடையும் இல்லை.

பொறுமை என்றால் மருத்துவத்தை மறுப்பது என்றும் எண்ண வேண்டாம். மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களில் ஒருவரான உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களின் காலில் புரையோடும் நோய் கண்டபோது, மருத்துவர்களின் சொல்லை ஏற்று அக்காலைத் துண்டித்துக் கொள்ள அவர்கள் இசைந்ததை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பொறுமையில் உவமை சொல்லப்படும் அப்பெரியார் அறுவையை மறுக்கவில்லை. அறுவையின் வேதனையில்தான் பொறுமை காத்தார்கள்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை

பெயரைக் கேட்டவுடன் முழங்காலையே வெட்டி எடுத்து விடுவார்கள் என்று சிலர் நடுங்குகிறார்கள். அவ்வாறன்று. தேய்ந்த எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, அதன் மீது உலோக உறையைப் பொருத்துகிறார்கள். இரண்டு உலோகங்களுக்கும் இடையே, குருத்தெலும்பின் இடத்தில், பாலிஎத்திலீன் எனப்படும் உறுதியான பிளாஸ்டிக் தட்டு வைக்கப்படுகிறது. பெரும்பாலானோர் ஓரிரு நாட்களில் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்குகிறார்கள். அதன் பின் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், இயன்முறைப் பயிற்சி இன்றியமையாதது. பயிற்சியை விட்டுவிட்டால் மூட்டு மடங்காமல் இறுகிப் போகும்.

இந்தச் சிகிச்சையின் வளர்ச்சியில் இந்தியர் ஒருவருக்கும் பெரும் பங்குண்டு. மத்தியப் பிரதேசத்தில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய மருத்துவர் சித்தரஞ்சன் ரணாவத், 1970களில் இன்றைய செயற்கை மூட்டின் முன்னோடி வடிவத்தை உருவாக்கிய குழுவில் ஒருவர். பிரதமராக இருந்த அடல் பிஹாரி வாஜ்பாய் அவர்களுக்கு 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு முழங்காலிலும், 2001ஆம் ஆண்டு ஜூனில் மற்றொரு முழங்காலிலும் மும்பையில் இவரே அறுவை செய்தார். இரண்டாவது அறுவை முடிந்து சில வாரங்களுக்குள், 2001 ஜூலையில், பாகிஸ்தான் அதிபருடனான ஆக்ரா பேச்சுவார்த்தையில் வாஜ்பாய் கலந்து கொண்டார். அன்று அவருக்கு வயது 76. மூட்டு மாற்று என்ற சொல் நம் நாட்டுச் சாமானியரின் வாயிலும் புழங்கத் தொடங்கியதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

"அவர் பிரதமர், நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்பீர்கள். 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலையை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக 1,58,000 ரூபாய் அளவில் விற்ற கோபால்ட் குரோமிய மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆயிற்று. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை செய்யப்படுகிறது. 2022ஆம் ஆண்டு அத்திட்டம் நீட்டிக்கப்பட்டபோது, குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்ப அட்டையும், கிராம நிர்வாக அலுவலர் வழங்கும் வருமானச் சான்றும் இருந்தால் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 1965ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து ஏறினால் எட்டிவிடும் தொலைவில்தான் இருக்கிறது.

நன்மையை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது அமானிதத்திற்கு மாறானது. நூற்றில் ஓரிருவருக்குக் கிருமித் தொற்று ஏற்படலாம். காலில் இரத்தம் உறையலாம். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவராமல் அறுவைக்குச் செல்லுதல் ஆபத்து. பத்தில் ஒருவரோ இருவரோ எதிர்பார்த்த அளவுக்கு நிவாரணம் கிட்டவில்லை என்று கூறுவதும் உண்டு. மறுபுறம், பொருத்திய மூட்டுகளில் நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று 2019ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

எல்லா முழங்கால் வலிக்கும் அறுவை தேவை என்றும் நாம் சொல்லவில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியால் பலர் அறுவையின்றியே ஆண்டுகள் பலவற்றைக் கடத்துகிறார்கள். ஆனால் மருத்துவரைக் கேளாமல் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்திற்கும் குடலுக்கும் கேடு. இரவில் உறக்கம் கெட்டு, சிறிது தூரமும் நடக்க இயலாமல், எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி அற்றுப் போய், மருத்துவரும் அறுவையே வழி என்று சொன்ன பின்பு, ஸஜ்தாவைக் காரணம் காட்டித் தள்ளிப் போடுகிறார்களே, அவர்களுக்கே நம் வார்த்தை.

ஸஜ்தா போய்விடுமா?

ஏழு எலும்புகளின் மீது ஸஜ்தா செய்யுமாறு தாம் ஏவப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மூக்குடன் கூடிய நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள். ஆகவே முழங்கால் ஸஜ்தாவின் உறுப்பு. அந்த உறுப்பைப் பேணுவது ஸஜ்தாவைப் பேணுவதில் சேர்ந்ததே.

செயற்கை மூட்டு பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடங்குகிறது. நாம் தொழுகையில் அமரும் இருப்புக்கு அதைவிட அதிகம் மடங்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் தரையில் அமர வேண்டாம் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். சரி, அறுவை செய்து கொள்ளாவிடில் மட்டும் அந்தக் கால் மடங்குகிறதா? நோய் முற்றியவர் ஏற்கெனவே தரையில் அமர இயலாமல்தானே தவிக்கிறார்! வேதனையோடு நாற்காலியில் தொழுவதா, வேதனையின்றி நாற்காலியில் தொழுவதா என்பதே பலருக்கும் உள்ள உண்மையான கேள்வி. அறுவைக்குப் பின் நிற்பதும், பள்ளிக்கு நடந்து வருவதும் கைகூடுமே, அதை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?

மூல நோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்து தொழவும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்துத் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நபியவர்களே குதிரையிலிருந்து விழுந்து வலப்புறம் காயமுற்றபோது அமர்ந்து தொழுதார்கள். ஒருவர் நோயுற்றாலோ பயணம் சென்றாலோ, ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது அவர் செய்து வந்த அமல்களின் நன்மை அவருக்கு எழுதப்படும் என்பது அபூமூஸா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் பதிவான நபிமொழியின் கருத்து. தாய்மார்களே! அறுபது ஆண்டுகள் தரையில் வைத்த நெற்றி உங்களுடையது. அந்த ஸஜ்தாவின் நன்மை இனியும் உங்கள் ஏட்டில் எழுதப்படும் என்ற நற்செய்தி இது. எங்கே போய்விட்டது ஸஜ்தா?

இனிச் சட்டத்தைக் கவனியுங்கள். தரையில் நெற்றியை வைக்க இயலாதவர், ருகூஃவுக்குச் சிறிதும் ஸஜ்தாவுக்கு அதைவிடச் சற்று அதிகமாகவும் குனிந்து சைகை செய்ய வேண்டும். தலையணையையோ பலகையையோ நெற்றிக்கு உயர்த்திப் பிடிக்க வேண்டியதில்லை. நிற்க முடிந்தும் ஸஜ்தா மட்டும் இயலாதவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி ஃபர்ளுத் தொழுகையில் நின்றே ஓதி, ஸஜ்தாவுக்கு மட்டும் அமர்ந்து சைகை செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, ஸஜ்தா இயலாதவருக்கு நிற்பதும் கடமையாகாது. அமர்ந்து சைகை செய்வது போதும். தரையில் நெற்றி வைக்க முடியும், வழக்கமான இருப்பில் அமரத்தான் முடியாது என்பவர், காலை நீட்டியோ சம்மணமிட்டோ இயன்றபடி அமரலாம். அவருக்கு ஸஜ்தாவை விட அனுமதி இல்லை. அறுவைக்குப் பின் கட்டு இருக்கும் நாட்களில், ஒளூ உறுப்பில் கட்டு இருந்தால் அதன் மீதும், கடமையான குளிப்பின்போது முழங்கால் கட்டின் மீதும் மஸஹ் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்மும் சேரும். மயக்கத்தில் தவறிய தொழுகையைப் பின்னர் நிறைவேற்றிக் கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் நிலையும் வேறுபடுவதால், நேரில் வந்து தயங்காமல் கேளுங்கள்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை

அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள் தொழுகையின் இருப்பில் சம்மணமிட்டு அமர்வதை அவர்களின் மகனார் கண்டார். தாமும் அவ்வாறே அமர்ந்தார். அவர் அன்று இளவயதினர். தந்தை மகனைத் தடுத்து, வலப் பாதத்தை நட்டு இடக் காலை மடக்கி அமர்வதே சுன்னத் என்று கற்பித்தார்கள். தாங்கள் மட்டும் ஏன் இப்படி அமர்கிறீர்கள் என்று மகன் கேட்க, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று பதிலளித்தார்கள். புகாரியில் இடம்பெற்ற செய்தி இது.

ஒரே செய்தியில் இரு பாடங்கள். இயலாதவர் சலுகையைப் பெற நாணத் தேவையில்லை. இயன்றவர் அந்தச் சலுகையைத் தொடக் கூடாது. கடைவீதியில் மணிக்கணக்கில் நின்று பேசிவிட்டு, பள்ளிக்குள் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போடுவோர் அல்லாஹ்வை அஞ்சிக் கொள்ளட்டும். இளவயதிலேயே எடையைக் குறைத்து, நடந்து பழகுங்கள். முழங்கால் என்னும் அமானிதத்தை அறுபதில் அல்ல, முப்பதில் பேண வேண்டும்.

பிள்ளைகளும் ஜமாஅத்தும்

பெற்றோர் இருவரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் அவர்களைச் சீ என்று சொல்லவும் கூடாது என்பது இறைமறையின் கட்டளை. "அம்மாவுக்கு எப்போதும் கால்வலிதான்" என்று சலித்துக் கொள்வதும் அந்தச் சொல்லைச் சார்ந்ததே. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு கரம் வேண்டும். அறுவை முடிந்து வீடு திரும்பிய பின், நாள்தோறும் காலை மடக்கி நீட்ட உதவும் ஒரு மனிதர் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்க வழி உண்டு. அதை விசாரித்துப் பெற்றுத் தரும் பொறுப்பு பிள்ளைகளுடையது. மருமகள் மீது மட்டும் சுமத்திவிட்டு மகன் ஒதுங்குவதும் நீதியன்று.

ஜமாஅத் நிர்வாகத்திற்கு நாம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஒளூச் செய்யுமிடத்தில் உயரமான இருக்கைகளும், படிகளில் கைப்பிடிக் குழாயும், மேல்நாட்டு முறைக் கழிவறை ஒன்றும் அமைத்தல். இரண்டாவது, தொழுகை நாற்காலிகளை ஒரே அளவில் வாங்கி வரிசையின் ஓரங்களில் இடுதல். அமர்ந்தே தொழுபவரின் நாற்காலிப் பின்கால்கள் பிறருடைய குதிகால்களுக்கு நேராக அமையட்டும். மூன்றாவது, காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களைக் கணக்கெடுத்து, படித்த வாலிபர்கள் இருவரை இப்பணிக்கென அமர்த்துதல். நான்காவது, ஏழை நோயாளிகளின் போக்குவரத்துக்கும் துணையிருப்போரின் உணவுக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவுதல். ஜகாத் பெறத் தகுதியுடைய நோயாளியாயின் ஜகாத்தையே அவர் கையில் வழங்கலாம்.

தாய்மார்களே! அல்லாஹ் எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை. அவன் கேட்காத வேதனையை அவன் பெயரால் நீங்கள் சுமக்க வேண்டாம். மருத்துவர் அறுவை வேண்டும் என்று சொல்லியிருந்தால், பிஸ்மில்லாஹ் சொல்லிச் சம்மதம் தெரிவியுங்கள். நாற்காலியில் அமர்ந்து நீங்கள் தாழ்த்தும் தலையையும், தரையில் நாங்கள் வைக்கும் நெற்றியையும் ஏற்பவன் ஒருவனே.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! எங்கள் பெற்றோரின் முதுமையை இலேசாக்குவாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் தவ்ஃபீக்கை எங்கள் பிள்ளைகளுக்கு வழங்குவாயாக! இறுதி மூச்சு வரை உனக்குச் சிரம் பணிவோராக எங்களை ஆக்கியருள்வாயாக! ஆமீன். ஆமீன். யாரப்பல் ஆலமீன்.